முகத்தில் நுரை, பிரஷ்ஷில் யாருடைய முடி?

கோவை பெரிய கடைவீதியிலோ ராஜவீதியிலோ ஏதாவது ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் ஷேவிங் பிரஷ் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்ப்பார். கறுப்புக் கைப்பிடி, வெள்ளைக் கைப்பிடி, மரக் கைப்பிடி என்று பத்துப் பதினைந்து உருண்டு வரும். “இது என்ன முடிங்ணா?” என்று கேட்டால், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி, “நல்ல சாஃப்ட்டுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க” என்பார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. அட்டையைத் திருப்பினால் விலை இருக்கிறது, பேக் செய்த மாதம் இருக்கிறது, நிறுவனத்தின் முகவரி இருக்கிறது. அந்த முடி எந்த விலங்கினுடையது, விலங்கினுடையதுதானா என்பதைச் சொல்லும் ஒரு வரி மட்டும் பெரும்பாலான அட்டைகளில் இல்லை.

தினமும் காலையில் முகத்தில் தேய்க்கிற பொருள் அது. உதட்டில் படுகிறது, மூக்கோரம் போகிறது, முந்தின நாள் பிளேடு கீறிய இடத்தில் உரசுகிறது. சோப்புக்கும் கிரீமுக்கும் ஆயிரம் கேள்வி கேட்கும் வீடுகளில்கூட பிரஷ்ஷைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இப்போது கேட்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள் சிலர், அப்பாவும் தாத்தாவும் வைத்திருந்த இரட்டை முனை பிளேடு ரேசருக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்து வந்தவர்கள் பாதி, முகத்தில் முடி உள்நோக்கி வளர்ந்து கட்டி கட்டியாக வந்ததால் வந்தவர்கள் மீதி. ரேசர் வந்ததும் பிரஷ் வருகிறது. பிரஷ் என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படும் பெயர் பேட்ஜர். ‘பிரஷ்களின் அரசன்’ என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, வெளிநாட்டுப் பெயர் பொறித்தது என்றால் இருபதாயிரத்தையும் தாண்டும்.

அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும் நல்ல செயற்கை இழை பிரஷ்ஷே தோதானது. எதை வாங்கினாலும், அது எதனால் ஆனது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்கும் பழக்கம் வாங்குகிறவருக்கு வர வேண்டும்.

பேட்ஜர் என்பது தமிழில் வளைக்கரடி என்று சொல்லப்படும் விலங்கு. கரடிக்கும் அதற்கும் உறவில்லை. கீரிப்பிள்ளையை இரண்டு மூன்று மடங்கு பருமனாக்கியது போன்ற உடல், மண் தோண்டும் கால்கள், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை. அதன் முடிக்கு ஒரு குணம் உண்டு. அடிப்பகுதி சற்றுத் தடித்தும் நுனி ஊசிபோல் மெலிந்தும் இருக்கும். கொத்தாகக் கட்டினால் அடியில் தண்ணீர் நிற்கும், நுனி தோலில் பட்டால் குத்தாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு மதிப்பு. இங்கிலாந்தின் கென்ட் நிறுவனம் 1777-லும், பிரான்ஸின் ப்ளிஸான் 1808-லும் தொடங்கியவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பேட்ஜர் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதற்கென்றே 1992-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. அதைக் கொல்வதும் அதன் வளையைக் கலைப்பதும் குற்றம். ஆனாலும் அங்கே பேட்ஜர் பிரஷ் விற்கிறது. முடி சீனாவிலிருந்து வருகிறது. தன் ஊர்க் காட்டில் தொடக்கூடாத விலங்கு, கடல் கடந்த ஊரில் கொல்லப்பட்டு வந்தால் குளியலறை அலமாரியில் நிற்கலாம் என்று ஆகிவிடுகிறது. 2018-ல் பீட்டா அமைப்பு சீனாவில் எடுத்து வெளியிட்ட காணொளியில், பேட்ஜர்கள் சிறு கம்பிக் கூண்டுகளில் அடைபட்டு, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருந்ததையும், அடித்துக் கொல்லப்பட்டதையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவின் ‘தி ஆர்ட் ஆஃப் ஷேவிங்’ உள்ளிட்ட நிறுவனங்கள் அதன்பின் பேட்ஜர் முடியைக் கைவிட்டன.

இறைச்சிக்காகக் கொல்லப்படும் விலங்கின் மிச்சம்தானே முடி என்று வாதிடுவோர் உண்டு. முடிக்கு இவ்வளவு விலை கிடைக்கும்போது அதை மிச்சம் என்று சொல்வது பொருந்தவில்லை. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு முடி வணிகம் புதிதும் அல்ல. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து போகும் ஊர் இது. பழநியில் இறக்கிய முடியைக் கோயில் நிர்வாகம் ஏலம் விடுகிறது. அது விக் ஆகி எங்கெங்கோ போகிறது. ஆனால் முடி கொடுத்தவர் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறார். ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தால் ஆடு மேயப் போகிறது. பேட்ஜருக்கு அந்த வழி இல்லை.

பணம் கொடுப்பவருக்கும் அதில் முழு நியாயம் கிடைப்பதில்லை. ‘ப்யூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்று பேட்ஜர் முடியைத் தரம் பிரிக்கிறார்கள். கேட்கும்போது தங்கத்துக்குக் காரட் சொல்வதுபோல இருக்கிறது. தங்கத்துக்கு ஹால்மார்க் உண்டு. இந்தத் தரங்களுக்கு உலகில் எங்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘பெஸ்ட்’ இன்னொரு நிறுவனத்தின் ‘சூப்பர்’ ஆக இருக்கலாம். வெள்ளை நுனிக்குத்தான் அதிக விலை என்பதால், சாதாரண முடியின் நுனியை வெளுத்து வெள்ளையாக்கி விற்பதும் நடக்கிறது.

சீனா தொலைவில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்கவும் இடமில்லை. நம் நாட்டிலும் பிரஷ்ஷுக்காக விலங்கு சாகிறது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் ஷேர்கோட் என்ற ஊர் இருக்கிறது. பிரஷ் தொழிலுக்கே பெயர் பெற்ற ஊர். ஓவியத் தூரிகை முதல் பெயின்ட் பிரஷ் வரை அங்கிருந்து நாடெங்கும் போகிறது. 2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு ஷேர்கோட் உட்படப் பல ஊர்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தூரிகைகளையும் நூறு கிலோவுக்கு மேல் முடியையும் பிடித்தது. எல்லாம் கீரி முடி. ஒரு கிலோ முடி சேர ஐம்பது கீரி வரை சாக வேண்டும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடியை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம்.

அவை ஓவியத் தூரிகைகள், ஷேவிங் பிரஷ் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைக்கு வாட்டர் கலர் பிரஷ் வாங்கிக் கொடுத்த எத்தனையோ பெற்றோர், அது கீரி என்று தெரியாமலே வாங்கினார்கள். தோட்டத்து வரப்பில் கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று நின்று பார்க்கும் ஊரில், அதே கீரி பென்சில் டப்பாவுக்குள் கிடந்தது. பேட்ஜருக்கும் இங்கே ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. தரைக்கரடி என்று தமிழில் சொல்லும் தேன் வளைக்கரடி, இந்தியாவின் வறண்ட காடுகளில் வாழ்வது; பக்கத்துக் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயத்தில் தானியங்கிக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு அது.

பிரஷ்ஷில் என்ன முடி என்று தெரியாமல் வாங்கியதற்கு மனித உயிரே விலையான காலமும் ஒன்று உண்டு. ஆடு மாடு வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அடைப்பான் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மதியம் விழுந்து கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும். அறுக்கக்கூடாது, தோலை உரிக்கக்கூடாது, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் முடியிலும் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும்.

முதல் உலகப் போர் நடந்தபோது ஐரோப்பாவுக்கு பேட்ஜர் முடி வரத்து தடைப்பட்டது. சிப்பாய்களோ தினமும் சவரம் செய்தாக வேண்டும். நச்சுப் புகைக்கு எதிரான முகமூடி முகத்தில் இறுகப் பொருந்த அது தேவை என்று கருதப்பட்டது. பிரஷ்ஷுக்குத் தேவை பெருகியதும் குதிரை முடி வந்து சேர்ந்தது. சைபீரியா, சீனா போன்ற இடங்களிலிருந்து வந்த குதிரை முடியில் பட்டை பட்டையாகச் சாயம் ஏற்றி, பேட்ஜர் போலவே காட்டினார்கள். முன்பெல்லாம் இடையில் நடந்துவந்த கிருமிநீக்கம் போர்க்காலக் குழப்பத்தில் நின்றுபோனது. விளைவு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களுக்கும் சாதாரண மக்களுக்கும் கன்னத்திலும் கழுத்திலும் கறுத்த புண். பிளேடு கீறிய இடம் வழியாக அடைப்பான் உள்ளே போயிருந்தது. சிலர் செத்தார்கள். 1920-ல் பிரிட்டன், ஜப்பானில் செய்த ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. அந்தக் காலத்து பிரஷ்களின் கைப்பிடியில் ‘ஸ்டெரிலைஸ்டு’ என்று பொறித்திருப்பதை இன்றும் பழம்பொருள் சேகரிப்போரிடம் பார்க்கலாம். பயம் வந்த பிறகுதான் அந்த ஒரு சொல் கைப்பிடிக்கு வந்தது.

இன்று முறையாகக் கிருமி நீக்கிய முடியில் அந்த ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். பேட்ஜர் என்று சொல்லிக் குதிரையைத் தலையில் கட்டியதுதான் இங்கே முக்கியம். வாங்கியவர் கேட்கவில்லை, விற்றவர் சொல்லவில்லை.

சவரத்தைப் பற்றிப் பேசும்போது கோவையில் ஜி.டி.நாயுடுவைத் தாண்டிப் போக முடியாது. சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். 1920-ல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். பேருந்து நிறுவனத்தை வளர்த்தவர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கியவர். இவ்வளவு பெரிய வேலைகளுக்கு நடுவே அவர் கவனம் மனிதனின் காலை நேரத்துத் தொல்லையிலும் போயிருக்கிறது. ‘ரேசண்ட்’ என்ற மின் ரேசரை அவர் உருவாக்கினார். உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் கொண்டது அது. மிக மெல்லிய சவர பிளேடும் அவர் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் உண்டு.

மின்சாரமே எட்டாத வீடுகள் நிறைந்திருந்த நாட்டில் பிறந்தவர், பேட்டரியில் ஓடும் ரேசரைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதை நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், பிரஷ் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் எது உயர்ந்தது என்று சொல்கிறார்களோ அதை அப்படியே வாங்கி வருவது அவர் வழி அல்ல. பொருளைப் பிரித்துப் போட்டு, இது என்ன செய்கிறது, இதை நம்மால் எப்படிச் செய்ய முடியும் என்று பார்ப்பதே அவர் வழி. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவிநாசி சாலையின் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தினமும் அதன்மேல் போகிறவர்கள், ஒரு ஷேவிங் பிரஷ்ஷையும் அவர் பார்த்த கண்ணோடு பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தால் பிரஷ்ஷின் வேலை மூன்றுதான். தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். அதைச் சோப்போடு அடித்துக் கெட்டியான நுரையாக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் முடியைத் தூக்கி நிறுத்தி, அதன் வேர்வரை நுரையைக் கொண்டு சேர்க்க வேண்டும். தாடி முடி தண்ணீர் குடித்து ஊறினால்தான் மெத்தென்று வெட்டுப்படும். வேப்பமரத்தடியில் சவரம் செய்த பழைய தலைமுறைக் கைகளுக்கு இது தெரியும். பிரஷ் இல்லாமலே தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஐந்து நிமிடம் தாடையைத் தேய்த்து ஊறவிட்டு, பிறகுதான் கத்தியை வைப்பார்கள். கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை இன்றும் நாவிதர் சமூகத்தாருக்கு உரியது. கை நுணுக்கம், பாட்டு, மருத்துவம் மூன்றும் கலந்த மரபு அது. பேட்ஜர் முடி அந்த மரபில் எங்கும் இல்லை, சவரமும் குறைப்பட்டுப் போகவில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். பிரஷ்ஷைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்பது சிறுவாணி, பில்லூர், அத்திக்கடவு, பவானி என்று குழாயில் வருவது. உப்புத் தண்ணி போர்வெல்லில் இருந்து மேல்தொட்டிக்கு ஏறி, குளியலறைக் குழாய்க்கு வருவது. சவரம் பெரும்பாலும் குளியலறையில்தான் நடக்கிறது, ஆகவே உப்புத் தண்ணியில் நடக்கிறது.

போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்கிறது. ஷேவிங் சோப்பிலும் கிரீமிலும் இருப்பது ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்த சோப்பு. அது கால்சியத்தைக் கண்டதும் நுரைப்பதை விட்டுவிட்டு, கரையாத வெள்ளைப் படிவாக மாறிவிடுகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தில் விரலால் சுரண்டினால் வரும் வழுவழுப்பான வெள்ளைப் பூச்சு அதுதான். அதே பூச்சு பிரஷ்ஷின் அடிக்கொத்திலும் படிகிறது. மூன்று மாதத்தில் முடி விறைக்கிறது, நுரை தண்ணியாகி மூக்கோரம் வழிகிறது. பிரஷ் சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து விலை கூடினதை வாங்குகிறார்கள்.

இருபதாயிரம் ரூபாய் பேட்ஜரும் உப்புத் தண்ணியில் இப்படித்தான் ஆகும். ஒரு டம்ளர் நல்ல தண்ணியைச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், நூறு ரூபாய் பிரஷ்ஷை அதில் நனைத்து அடித்துப் பாருங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். கிரீம் கடலையளவு போதும். முதலில் நுரை பெரிய பெரிய கொப்புளமாகத்தான் வரும். விடாமல் அரை நிமிடம் சுழற்றினால் கொப்புளங்கள் மறைந்து, எருமைத் தயிர் போல மினுங்கும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுனியில் சின்னக் கொக்கி நிற்கும். அந்தக் கொக்கி நின்றால் நுரை தயார்.

அடுத்தது காற்று. விலங்கு முடி தண்ணீரை உறிஞ்சும். உலர நேரம் பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையில் ஆடி மாதத்தில் எதுவும் சட்டென்று உலரும். ஆனால் பிரஷ் திறந்த காற்றில் நிற்பதில்லை. கதவடைத்த குளியலறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், நேற்றைய ஈரத்தோடு கிடக்கிறது. செயற்கை இழை தண்ணீரை உள்ளே வாங்காது; இழைகளுக்கு இடையில்தான் பிடித்து வைக்கும். உதறி வைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நாற்றம் இல்லை, ஊறவைக்க வேண்டியதில்லை, வாங்கிய முதல் நாளே நுரைக்கும்.

இழையைப் பற்றிக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கிய நாளிலிருந்து இது பஞ்சும் நூலும் புழங்கும் மண். 1956 முதல் சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இங்கே இருக்கிறது. திருப்பூரில் துணி வெட்டும் மேசையில் நிற்பவரிடம் ஒரு நூலைக் கொடுத்தால், தீக்குச்சி கிழித்து நுனியைக் கொளுத்திப் பார்ப்பார். காகிதம் எரிந்த வாசம் வந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டி மணியானால் பாலியஸ்டரோ நைலானோ. முடி பொசுங்கும் நாற்றம் வந்து, நசுக்கினால் பொடியானால் விலங்கு ரோமம். அட்டையில் ஒன்றும் எழுதாத பிரஷ்ஷுக்கும் இதே சோதனை போதும். புது பிரஷ்ஷில் எப்படியும் இரண்டு முடி உதிரும். அதில் ஒன்றை எடுத்துக் கொளுத்தினால் கடைக்காரர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

நைலான் உலகுக்கு அறிமுகமானதே ஒரு பிரஷ்ஷாகத்தான். 1938-ல் அமெரிக்காவில் பல்துலக்கும் பிரஷ்ஷின் இழையாக வந்தது. அந்தக் காலத்து நைலான் ஷேவிங் பிரஷ் துடைப்பக்குச்சி போலக் குத்தியது உண்மை. செயற்கை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். இன்றைய இழை வேறு. நுனியை மட்டும் ரசாயன முறையில் மெலியவைத்து, பேட்ஜர் முடியைப் போலவே அடி தடித்து நுனி கூர்த்ததாகச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் வைத்தால் அனுபவசாலிகளே தடுமாறும் அளவுக்கு வந்துவிட்டது. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்குள் நல்லது கிடைக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. நுனியை மணிக்கட்டின் உட்புறத்தில் அழுத்திச் சுழற்ற வேண்டும், குத்தினால் வேண்டாம். விரலால் கொத்தை அழுத்தி விட்டால் உடனே எழ வேண்டும்; படுத்தே கிடந்தால் நுரை அடிக்காது, தடிபோல் எதிர்த்தால் முகத்தில் ஓடாது. கொத்தின் அடி விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் சராசரி முகத்துக்குச் சரி. அதைவிடப் பருத்தது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கிரீமை விழுங்கும், மூக்குக்குக் கீழே போகாது. லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வந்தால் பாதகமில்லை. பத்து வந்தால் பசை சரியில்லை. கைப்பிடி ஈரக் கையில் வழுக்கக்கூடாது. கொதிக்கும் தண்ணீரில் எந்த பிரஷ்ஷையும் முக்கக்கூடாது, பசை விட்டுவிடும்.

பன்றி முடி பிரஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலிவு விலையில் கிடைப்பவற்றில் கணிசமானவை அதுதான். இத்தாலி, போர்ச்சுகல் நாடுகளில் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். போகப் போக நுனி இரண்டாகப் பிளந்து மெத்தென்றாகும், விறைப்பும் நன்றாக இருக்கும். பொருளில் குறை இல்லை. ஆனால் கோட்டைமேட்டிலிருந்து வரும் இஸ்லாமியர் ஒருவருக்கு அது மார்க்கத்துக்கு ஒவ்வாத பொருள். சுத்த சைவம் என்று வாழும் ஒருவருக்கும் அப்படித்தான். ஷேவிங் கிரீம் டியூப்கள் பலவற்றில் பச்சைப் புள்ளி இருக்கிறது, அதைப் பார்த்து நிம்மதியாக வாங்குகிறார்கள். அந்தக் கிரீமைத் தொட்டு முகத்தில் பூசும் பிரஷ்ஷில் எந்தப் புள்ளியும் இல்லை. இது அவரவர் நம்பிக்கையை மதிக்காத செயல். ‘பன்றி முடி’, ‘பேட்ஜர் முடி’, ‘செயற்கை இழை’ என்று இரண்டு சொல் அச்சிட எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது. பொட்டலப் பொருள் விதிகளில் அதைக் கட்டாயமாக்கலாம். ஆக்க வேண்டும்.

கேட்டால் மாறும் என்பதற்குச் சான்று சலூனிலேயே இருக்கிறது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, தொண்ணூறுகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராக வந்தது. அதுவரை சாணைத் தோலில் தீட்டிய ஒரே கத்திதான் எல்லா முகத்துக்கும். பிறகு வாடிக்கையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே “அண்ணா, புது பிளேடு போடுங்க” என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று காந்திபுரத்திலிருந்து காங்கேயம் வரை எந்த சலூனிலும் உறை பிரித்து, பிளேடை இரண்டாக உடைத்து, கண்ணெதிரே மாட்டுகிறார்கள். யாரும் கேட்காமலே மாட்டுகிறார்கள்.

பிளேடுக்கு வந்த அந்தக் கேள்வி பிரஷ்ஷுக்கு வரவில்லை. பல சலூன்களில் ஒரே பிரஷ் காலை முதல் இரவு வரை ஒரு கிண்ணத் தண்ணீரிலேயே நின்று எல்லா முகத்துக்கும் போகிறது. தாடிப் படையும், முடிவேரில் வரும் சீழ்க்கொப்புளமும் அப்படிப் பரவ வழி உண்டு. அங்கேயும் செயற்கை இழைதான் கைகொடுக்கும்: கிருமிநாசினியில் முக்கி எடுத்தாலும் கெடாது, சீக்கிரம் உலரும், நான்கு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கட்டுப்படியாகும். வீட்டிலிருந்து தன் பிரஷ்ஷையே கொண்டுபோகும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். சலூன்காரர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்ததோ, தாத்தா மேசை டிராயரில் கிடந்ததோ, ஒரு பழைய பேட்ஜர் பிரஷ் ஏற்கெனவே வீட்டில் இருக்கலாம். அதை எறிய வேண்டியதில்லை. அந்த உயிர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எறிந்தால் அது வீணாகப் போனதாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஒரு டம்ளர் நல்ல தண்ணியில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, கொத்து மட்டும் மூழ்கும்படி ஐந்து நிமிடம் வைத்தால் உப்புத் தண்ணி விட்டுப்போன வெள்ளைப் படிவு கரைந்து டம்ளரில் கலங்கலாக இறங்கும். பிறகு நல்ல தண்ணியில் இரண்டு முறை அலசி, பனியன் துணியில் ஒற்றி, குளியலறைக்கு வெளியே ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். மாலைக்குள் நுனி விரிந்து, பழைய வெள்ளை திரும்பியிருக்கும்.